நீர் எந்த இடத்தில் சரக்காகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றியும், ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழில் வந்தவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆயத்த ஆடைக்கு எவ்வளவு வரி குறையும், காருக்கும் மதுபானத்துக்கும் எவ்வளவு குறையும், எந்தத் தொழிலுக்கு ஆதாயம், எதற்கு நட்டம் என்பதெல்லாம் விரிவாகவே எழுதப்பட்டன. ஆனால், இத்தகைய ஒப்பந்தங்கள் ஒரு நாட்டின் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றின் மீது அந்நாட்டு அரசுக்கு உள்ள அதிகாரத்தை எந்த வகையில் தொடுகின்றன என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் குடிநீர்த் திட்டப் பணிகளில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளன் என்ற முறையிலும், நொய்யல் கரையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும் அந்தக் கேள்வியை எழுப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு தோட்டம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே அங்கே தண்ணீர் லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். தோட்டக்காரர் மோட்டாரைப் போட்டதும் ஆழ்துளைக் கிணற்றின் நீர் முதலில் ஒரு சிமென்ட் தொட்டியில் வந்து விழுகிறது. அவருடைய தென்னைக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் நீர் போவது அந்தத் தொட்டியிலிருந்துதான். அதே தொட்டியோடு இணைத்த தடித்த ரப்பர் குழாயை லாரியின் மேல்மூடிக்குள் நுழைத்துவிட்டால், அதே நீர் 12,000 லிட்டர் கொண்ட ‘ஒரு லோடு’ ஆகிவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு ஓட்டுநர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். மழை பொய்த்த மூன்று ஆண்டுகளில் தென்னையில் பாதி பட்டுப்போன பிறகு இதைத் தொடங்கியவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வந்தது அந்த ரப்பர் குழாயைப் பற்றி. தொட்டிக்கும் லாரிக்கும் இடையே உள்ள ஆறடி நீளத்தில் நீர் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை, சட்டத்தில் தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. உலக வர்த்தகச் சட்டத்திலும் நீரைப் பற்றிய வழக்கு முழுவதும் அந்த ஆறடியைப் பற்றியதே.

பன்னாட்டுச் சுங்கப் பட்டியலில் 2201 என்ற தலைப்பின் கீழ் நீர் ஒரு பொருளாக இடம்பெற்றிருக்கிறது. இயற்கையான கனிம நீர், செயற்கையான கனிம நீர், பனிக்கட்டி, உறைபனி வரை அதில் அடக்கம். ஒரு பொருள் சரக்கு என்றாகிவிட்டால், அதன் ஏற்றுமதியை அளவிட்டுத் தடுக்கக் கூடாது என்பது உலக வர்த்தக விதிகளுக்கு அடிப்படையான 1947 ஆம் ஆண்டின் காட் (சுங்கவரி, வணிகப் பொது உடன்பாடு) உடன்படிக்கையில் 11 ஆம் பிரிவு விதிக்கும் பொது விதி. ஆற்றில் ஓடும் நீரும் ஏரியில் நிற்கும் நீரும் சரக்கு ஆகா என்பதே சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. எனினும் அந்த உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத பாதுகாப்பை நம்பி ஒரு நாடு எத்தனை காலம் இருக்கலாம் என்பதற்குக் கனடாவின் கதையைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

1998 ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மாகாண அரசு நோவா குழுமம் என்ற சிறிய நிறுவனத்துக்கு, கனடா–அமெரிக்க எல்லையில் உள்ள பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரியிலிருந்து ஆண்டுக்கு 60 கோடி லிட்டர் நீரை எடுத்துக் கப்பலில் ஆசியாவுக்கு அனுப்ப அனுமதி வழங்கியது. ஏரியின் இரு கரைகளிலும் எதிர்ப்பு எழுந்து அந்த அனுமதி கைவிடப்பட்டது. 60 கோடி லிட்டர் என்பது கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். பவானிப் பகுதியிலிருந்து திருப்பூருக்கு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும்படி வடிவமைக்கப்பட்ட திட்டத்தில், அது மூன்றேகால் நாள் நீர்தான். உலகின் தரைமேல் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கொண்ட பேரேரிகளுக்கு அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருந்தும் கனடிய மக்கள் பதறியதற்குக் காரணம், ஒரு கப்பல் நீருக்கு அனுமதி கொடுத்தால் அந்த ஏரியின் நீர் வணிகத்துக்குள் நுழைந்துவிட்டதாகும், அதன் பிறகு இரண்டாவது நிறுவனத்துக்கு, அதுவும் அயல்நாட்டு நிறுவனத்துக்கு, எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்பது என்ற அச்சமே. அந்த அச்சம் கற்பனையன்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் நீரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததால் தன் வணிகம் பாதிக்கப்பட்டதாகக் கூறி, கலிபோர்னியாவைச் சேர்ந்த சன் பெல்ட் என்ற நிறுவனம் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் கனடாவிடம் இழப்பீடு கேட்டு அதே காலத்தில் அறிவிப்புக் கொடுத்திருந்தது. அந்தக் கோரிக்கை தீர்ப்புவரை செல்லவில்லை. ஆனால் அப்படிக் கேட்க முடிந்தது என்பதே அந்நாட்டை விழிக்க வைத்தது.

இத்தனைக்கும் 1993 ஆம் ஆண்டிலேயே கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டிருந்தன. எந்த வடிவிலாவது வணிகத்துக்குள் நுழைந்து சரக்காக மாறினாலொழிய, நீர் எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்கும் உட்பட்டதன்று என்று அது கூறியது. ஆறுதல் தரும் வாசகம்தான். ஆனால் ‘மாறினாலொழிய’ என்ற சொல் எவ்வளவு பெரிய கதவு என்பதை அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அவர்கள் கண்டுகொண்டார்கள். அதனால் கனடா தன் வழியை மாற்றிக்கொண்டது. எல்லையில் நிறுத்தும் ஏற்றுமதித் தடை என்றால் வர்த்தகச் சட்டத்தின் கேள்விக்கு உள்ளாகும் என்பதால், ஆற்றுப்படுகைக்கு வெளியே நீரைப் பெருமளவில் கொண்டுசெல்வதையே தடுக்கும் வகையில், எல்லை நீர்ச் சட்டத்தை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தியது. 2013 இல் எல்லை கடந்து பாயும் ஆறுகளுக்கும் அந்தப் பாதுகாப்பை விரிவாக்கியது. நீரைச் சரக்காகக் கருதித் தடுப்பதைவிட, அது சரக்காகும் முன்பே அதன் இருப்பிடத்தில் வைத்துக் காப்பதுதான் அறிவுடைமை என்று அவர்கள் கண்டார்கள்.

அதைவிட நமக்குப் பயன்படக்கூடியது, கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2016 இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள 1.9 ஆம் பிரிவு. ஏரி, ஆறு, நீர்த்தேக்கம், நிலத்தடி நீர்த்தாரை, வடிநிலம் ஆகியவற்றில் இயற்கை நிலையில் உள்ள நீர் ஒரு சரக்கோ விளைபொருளோ ஆகாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. தன் இயற்கை நீர்வளத்தைக் காக்கும் உரிமை ஒவ்வொரு தரப்புக்கும் உண்டு என்றும், எந்த நோக்கத்துக்காகவும் நீரை வணிக முறையில் எடுக்க அனுமதிக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை என்றும் அடுத்து வருகிறது. மூன்றாவதாக ஒரு வாசகம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நாடு குறிப்பிட்ட ஒரு நீராதாரத்தை வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டால், அதை இந்த ஒப்பந்தத்துக்கு இசைந்த முறையில்தான் செய்ய வேண்டும் என்பது அந்த வாசகம். அதாவது, திறப்பதா வேண்டாமா என்ற முடிவு முழுவதும் நம்முடையது. திறந்த பிறகு விதி நம்முடையது மட்டுமாக இருக்காது. எங்கள் ஊர்த் தோட்டத்தின் ரப்பர் குழாயை நான் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

கனடாவுக்கு இந்த வாசகத்தை எழுதிக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவுக்கு அதை மறுப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. நாம் கேட்டோமா என்பதுதான் என் கேள்வி.

சரக்கு என்ற வாயிலைவிட அகலமான இன்னொரு வாயில் முதலீடு. இங்கே நீரை ஒரு சொட்டும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. நீர் எடுக்கும் உரிமமோ, நகரக் குடிநீர் விநியோக ஒப்பந்தமோ அயல்நாட்டு நிறுவனத்தின் கையில் இருந்தால், அது முதலீடு எனக் கருதப்படும். அரசு பின்னர் கட்டணத்தை நிறுத்திவைத்தாலும் உரிமத்தைத் திரும்பப் பெற்றாலும், அந்த நிறுவனம் உள்நாட்டு நீதிமன்றத்தைத் தாண்டிப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குச் செல்ல முடியும். அர்ஜென்டினா 1993 இல் புவனோஸ் ஐரிஸ் நகரக் குடிநீரை, பிரான்சின் சூயஸ் தலைமையிலான கூட்டு நிறுவனத்திடம் 30 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. 2001 இறுதியில் பொருளாதாரம் சரிந்து நாணய மதிப்பு வீழ்ந்தபோது, மக்களால் தாங்க முடியாது என்று அரசு கட்டணங்களை உயர்த்தாமல் நிறுத்தியது. 2006 இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. 2015 இல் நடுவர் மன்றம் அர்ஜென்டினா 40 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடிநீர் மக்களின் உரிமை என்ற வாதத்தை அந்த மன்றம் தள்ளிவிடவில்லை. மக்களுக்கான கடமையையும் முதலீட்டாளருக்கான கடமையையும் நாடு ஒருசேர நிறைவேற்றியிருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. நெருக்கடியில் இருக்கும் ஓர் அரசு அதை எப்படிச் செய்வது என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லித் தருவதில்லை.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் 2000 ஆம் ஆண்டு மக்கள் தெருவுக்கு வந்து குடிநீர்த் தனியார்மயத்தைத் திரும்பப் பெறச் செய்ததையும், அங்கே குடிநீரை நடத்திய நிறுவனம் நெதர்லாந்துடனான முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டித் தொடுத்த வழக்கு உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2006 இல் பெயரளவிலான இரண்டு பொலிவியானோவுக்கு முடித்துக்கொள்ளப்பட்டதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அந்த முடிவு மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் உலகம் திரண்டு வந்து காப்பாற்றும் என்று நம்பி ஒப்பந்தம் எழுத முடியாது.

இது நமக்கு எட்டாத ஊர்க்கதை என்று எண்ணிவிட வேண்டாம். கோயம்புத்தூர் மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர் விநியோகப் பணியை 2018 இல் அதே சூயஸ் நிறுவனத்திடம் 26 ஆண்டுக் காலத்துக்கு ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பணியின் தரத்தைப் பற்றி இங்கே நான் ஏதும் சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2022 ஜூனில் மீண்டும் தொடங்கிய பேச்சுகளில் தடையற்ற வர்த்தகத்துக்கு ஒன்று, முதலீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று எனத் தனித்தனி உடன்பாடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்பாட்டின் வரம்புக்குள் மாநகராட்சிகளின் குடிநீர் ஒப்பந்தங்கள் வருமா, வராதா? நாளை மாமன்றம் ஒரு கோடைக்காலத்தில் கட்டணத்தைக் குறைக்க முடிவு செய்தால் அது யாரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்? சிறுவாணி நீரையும் பில்லூர் நீரையும் குடிக்கும் மக்களுக்கு இதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

2011 இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் நடுவர் மன்றத்தில் தோற்ற பிறகு, இந்தியா தன் பழைய முதலீட்டு உடன்படிக்கைகளைப் பெரும்பாலும் முடித்துக்கொண்டு, 2016 இல் எச்சரிக்கையான ஒரு மாதிரி வரைவை வகுத்தது. முதலீட்டாளர் குறைந்தது ஐந்தாண்டுகள் நம் நீதிமன்றங்களில் முயன்ற பிறகே வெளியே செல்லலாம் என்பது அதில் ஒரு நல்ல அம்சம். 2024 இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக உடன்படிக்கையில் அது மூன்று ஆண்டுகளாகச் சுருங்கியது. 2025 நிதிநிலை அறிக்கையில் மாதிரி வரைவையே முதலீட்டாளருக்கு மேலும் இணக்கமாகத் திருத்தப்போவதாக அறிவிக்கப்பட்டது. முதலீடு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தளர்த்துகிற ஒவ்வொரு முறையும் நீரைத் தனியே எடுத்து வெளியில் வைத்துவிட்டுத் தளர்த்த வேண்டும்.

மாநிலங்களின் நிலைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 17 ஆம் இனம் நீர். அயல்நாடுகளுடன் உடன்படிக்கை செய்வது ஒன்றியப் பட்டியலின் 14 ஆம் இனம். அந்த உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 253 ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, நீரைக் காக்கும் பொறுப்பு சென்னையில். அதை வரம்பிடும் கையெழுத்து புதுதில்லியில். கனடாவிலும் இதே சிக்கல் இருந்தது. 2008 இல் நியூஃபவுண்ட்லாந்து மாகாண அரசு, காகித ஆலையை மூடிய அபிடிபிபோவாட்டர் என்ற நிறுவனத்தின் மரம் வெட்டும் உரிமையையும் நீர் உரிமையையும் சட்டமியற்றித் திரும்ப எடுத்துக்கொண்டது. நிறுவனம் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடுக்க, 2010 இல் 13 கோடி கனடிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது கூட்டாட்சி அரசு. இனி இத்தகைய செலவை மாகாணங்களே ஏற்க வேண்டியிருக்கும் என்று அப்போதைய பிரதமர் ஹார்ப்பர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை ஒருநாள் நம் மாநிலங்களை நோக்கியும் வரலாம் என்பதை நம் சட்டமன்ற உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பழியையும் வெளியே போடுவதும் முறையன்று. காட் உடன்படிக்கையின் 20 ஆம் பிரிவில், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: உள்நாட்டு உற்பத்தியையோ நுகர்வையோ கட்டுப்படுத்தும் நடவடிக்கையும் கூடவே இருக்க வேண்டும். அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்த சீனா, வளப் பாதுகாப்பே தன் நோக்கம் என்று வாதிட்டும் 2014 இல் உலக வர்த்தக அமைப்பில் தோற்றதற்கு, உள்நாட்டுக் கட்டுப்பாடு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். நம் வீட்டில் நிலைமை என்ன? தமிழ்நாட்டில் 2003 இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் 2013 இல் நீக்கப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அதன் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்ற 1882 ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில்தான் இன்றும் லாரிகள் நிற்கின்றன. 2012 ஆம் ஆண்டுத் தேசிய நீர்க் கொள்கையோ, நீர் என்பது அரசு மக்கள் சார்பில் பொறுப்பேற்றுக் காக்கும் பொது வளம் என்று ஓரிடத்தில் சொல்லி, அடிப்படைத் தேவைகள் போக எஞ்சியதைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்று இன்னோரிடத்தில் சொல்கிறது. நடுவர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த இரண்டில் எதை வாசித்துக் காட்டுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் வர்த்தகத்துக்கு எதிரி அல்லன். எங்கள் மாவட்டமே ஏற்றுமதியால் உண்கிறது. பிரிட்டனில் ஆடைகளுக்கு 12 விழுக்காடு வரை இருந்த வரி நீங்கும் என்ற செய்தியில் எங்கள் தெருப் பிள்ளைகளின் வேலையும் அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு பருத்திப் பனியனுக்குப் பின்னால் சுமார் 2700 லிட்டர் நீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த நீரின் ஒரு பகுதி சாயக் கழிவாகி நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாசனத்துக்கென்று கட்டிய அணையின் மதகைத் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கெஞ்சிய காலம் அது. நீர் வற்றிய இடத்தில் சேறு வெடித்து, வெடிப்பின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது; கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் ஊதாக் கறை ஒட்டியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை நிலைபெற்றது அந்த உத்தரவின் அழுத்தத்தால்தான். அப்படியொரு கடுமையான உத்தரவை நாளை ஒரு நீதிமன்றமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ பிறப்பிக்கும்போது, பாதிக்கப்படும் ஆலை அயல்நாட்டு முதலீட்டில் இயங்குவதாக இருந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு இப்போதே போடப்பட வேண்டும்.

எனவே வணிகத் துறை அமைச்சகத்திடம் நான் கேட்பது இதுதான். இனி எழுதப்படும் ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தத்திலும், இயற்கை நிலையில் உள்ள நீர் சரக்கு ஆகாது என்ற வாசகம் ஒப்பந்தத்தின் உடலிலேயே இடம்பெற வேண்டும். பக்கக் கடிதமாகவோ கூட்டறிக்கையாகவோ இருந்தால் போதாது. முதலீட்டு உடன்பாடுகளில் நீர் எடுக்கும் உரிமம், குடிநீர் விநியோகம், குடிநீர்க் கட்டணம், நீர் மாசைத் தடுக்கும் உத்தரவு ஆகியவை நடுவர் மன்ற வரம்பிலிருந்து பெயர் சொல்லி நீக்கப்பட வேண்டும். கையெழுத்தான அன்று ஆயிரக்கணக்கான பக்கங்களை வெளியிடுவதற்குப் பதிலாக, நீரைத் தொடும் பிரிவுகளையாவது முன்கூட்டியே மாநில அரசுகளுக்கு அனுப்பிக் கருத்துப் பெற வேண்டும். தமிழ்நாடு அரசோ, நீக்கிய நிலத்தடி நீர்ச் சட்டத்தின் இடத்தில் விவசாயியின் பாசனத்தையும் லாரிக்காரரின் வணிகத்தையும் பிரித்துப் பார்க்கும் ஒரு சட்டத்தைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும்.

நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் நம் உறுப்பினர்களில் ஒருவரேனும், இதுவரை கையெழுத்தான ஒப்பந்தங்களில் கனடா பெற்றதைப் போன்ற நீர்ப் பிரிவு எத்தனையில் இருக்கிறது என்று எழுத்து மூலமான கேள்வியாகக் கேட்டு, அதற்கு வரும் விடையைத் தங்கள் நாளிதழ் முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
திருப்பூர் மாவட்டம்.